நிற்கும் ரோபோ அணைந்த ரோபோ அல்ல

வகுப்பறையில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "தொழிற்சாலையில் ஒரு ரோபோ கை அசையாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் போகலாமா?" மாணவர்களில் பலர், "போகலாம் சார், அதுதான் நின்றுவிட்டதே" என்று சொல்லக்கூடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்விசிறி நின்றால் மின்சாரம் இல்லை. மிதிவண்டி நின்றால் யாரும் மிதிக்கவில்லை. அசைவு இல்லாத இடத்தில் ஆபத்து இல்லை என்பது சிறுவயது முதல் அனுபவம் நமக்குக் கற்றுத்தந்த பாடம். ரோபோவுக்கு அருகில் அந்தப் பாடம் பொருந்துவதில்லை.

1979 ஜனவரி 25. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் என்னும் ஊரில் உள்ள ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை. உயரமான அடுக்குகளிலிருந்து வார்ப்புப் பாகங்களை எடுத்துத் தரும் தானியங்கி அமைப்பு அன்று சரியாக வேலை செய்யவில்லை. ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி, பாகங்களைத் தாமே எடுத்துவர அடுக்கின் மேல் ஏறினார். அமைப்பு இயக்கத்தில்தான் இருந்தது. அதன் கை அவரைத் தாக்கியது. அவர் அங்கேயே உயிரிழந்தார். ரோபோவால் இறந்த முதல் மனிதராக அவர் பதிவாகியிருக்கிறார். ரோபோ நெருங்குவதை எச்சரிக்க ஒலி எதுவும் இல்லை என்பது பின்னர் நடந்த வழக்கில் வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. 1983இல் அவருடைய குடும்பத்துக்கு 1 கோடி டாலர் இழப்பீடு வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது.

1981 ஜூலையில் ஜப்பானின் அகாஷி நகரில், கவாசாகி நிறுவனத்தின் ஆலையில் இன்னொரு மரணம். பழுதுபார்க்கும் பணியாளர் கெஞ்சி உராடா, கோளாறான ரோபோவைச் சரிபார்க்கப் பாதுகாப்பு வேலிக்குள் சென்றார். வேலியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும் ஏற்பாடு அங்கே இருந்தது. அவர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டி உள்ளே போனதாகத் தெரிகிறது. ரோபோ முழுமையாக அணைக்கப்படவில்லை. அதன் கை அவரைப் பக்கத்து இயந்திரத்தோடு சேர்த்து அழுத்தியது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ரோபோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் அதன் எல்லைக்குள் போகவில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றிய வேளையில்தான் இருவரும் போனார்கள். ரோபோ விபத்துகளில் பல அன்றாட உற்பத்தியின்போது நிகழ்வதில்லை. நிரல் எழுதும்போதும், பழுதுபார்க்கும்போதும், சோதிக்கும்போதும், சீரமைக்கும்போதும்தான் நிகழ்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையும் சுட்டிக்காட்டுகிறது. சோம்பேறிக்கு நேரும் விபத்து அல்ல இது. பொறுப்பாக வேலையை முடிக்க நினைப்பவருக்கு நேர்வது.

இதை ஏன் ஆசிரியர்கள் அறிய வேண்டும்? நம் மாநிலத்தில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தப்பட்டு, தொழிலக ரோபோ பயிற்சியும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளின் வாயிலில் நாளை நிற்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் இருப்பவர்கள். ரோபோவை இயக்க அவர்களுக்கு அங்கே கற்றுத்தருவார்கள். ரோபோவின் பக்கத்தில் தன் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய, பள்ளியிலேயே தொடங்கலாம்.

அசையாமல் நிற்பதன் மூன்று பொருள்கள்

ரோபோ ஏன் அசையாமல் நிற்கும்? மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கலாம். ஏதோ ஒரு சமிக்ஞைக்காகக் காத்திருக்கலாம். முந்தைய இயந்திரம் பாகத்தை அனுப்பியதும் கை மீண்டும் சுழலும். அல்லது ஒரு தடங்கலால் இடையில் நின்றிருக்கலாம். தடங்கலை நீக்கிய மறுநொடி விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று நம் மனத்தில் நாம் வரைந்து வைத்திருக்கும் படத்தை உளவியலாளர்கள் 'மன மாதிரி' என்கிறார்கள். அந்தப் படம் தவறாக இருந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் முடிவு தவறாகவே அமையும். ஆகவே 'கவனமாக இரு' என்ற அறிவுரை மட்டும் போதாது. படத்தைத் திருத்த வேண்டும்.

ஆலைகளில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பழுதுபார்க்கச் செல்பவர் முதன்மை மின்விசையை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'லாக்அவுட்–டேக்அவுட்' என்று இதைச் சொல்வார்கள். மூன்று பேர் உள்ளே போனால் மூன்று பூட்டுகள். தன் பூட்டைத் தானே திறக்க வேண்டும். 'அணைந்திருக்கும்' என்ற ஊகத்துக்கு இதில் இடமில்லை. சாவி உள்ளே போனவரின் சட்டைப் பையில் இருக்கிறது.

பயத்தையும் கணக்கில் கொண்ட பொத்தான்

ரோபோவுக்குப் பாதையைக் கற்பிக்கும்போது ஒருவர் அதன் அருகிலேயே நிற்க வேண்டியிருக்கும். அப்போது அவர் கையில் 'டீச் பெண்டன்ட்' என்னும் கைக்கருவி இருக்கும். ரோபோவும் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெதுவான வேகத்தில்தான் நகரும். அந்தக் கைக்கருவியில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு பொத்தான் உண்டு. பொத்தானை நடுநிலை வரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ரோபோ நகரும். விட்டுவிட்டால் நின்றுவிடும். இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும்.

ஏன் இப்படி? திடுக்கிடும் மனிதர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள். சிலர் விரல்களை இறுக்கிக்கொள்வார்கள். எதைச் செய்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் இரண்டுக்குமே ரோபோ நிற்கும்படி வடிவமைத்தார்கள். மனிதர் பதற்றத்தில் சரியான பொத்தானைத் தேடி அழுத்துவார் என்று எதிர்பார்க்காமல், பதற்றத்தின் இயல்பையே பாதுகாப்பாக மாற்றிய வடிவமைப்பு இது. 'மனிதக் காரணிகள்' என்னும் துறையின் அடிப்படைக் கொள்கையும் இதுதான்: மனிதரை இயந்திரத்துக்கு ஏற்ப வளைப்பதற்கு முன், இயந்திரத்தை மனித இயல்புக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

கவனம் ஏன் களைக்கிறது?

ரோபோ வந்த பிறகு தொழிலாளியின் வேலை பல இடங்களில் 'செய்வது' என்பதிலிருந்து 'பார்த்துக்கொண்டிருப்பது' என்று மாறுகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மனித மனத்துக்குக் கடினமான வேலைகளில் ஒன்று, எதுவும் நடக்காத இடத்தை விடாமல் கவனிப்பது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்கு இந்தச் சிக்கல் எழுந்தது. ரேடார் திரையை நெடுநேரம் பார்ப்பவர்கள் முக்கியமான புள்ளிகளைத் தவறவிட்டார்கள். உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதை ஆராய ஒரு கடிகாரச் சோதனையை அமைத்தார். எண்கள் இல்லாத வட்டத்தில் ஒரு முள் நொடிக்கு ஒருமுறை சிறிதளவு நகரும். எப்போதாவது ஒருமுறை இரு மடங்கு தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை இரண்டு மணி நேரம் நடக்கும். முதல் அரை மணி நேரம் கடந்ததுமே கண்டுபிடிக்கும் திறன் குறைவதை அவர் கண்டார். 1948இல் முடிவுகள் வெளியாயின. பங்கேற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனத்தின் இயல்பே அதுதான்.

இதை அறிந்த மேற்பார்வையாளர் என்ன செய்வார்? கண்காணிப்புப் பணியில் ஆட்களைக் குறுகிய இடைவெளியில் மாற்றுவார். பார்ப்பதோடு செய்வதையும் கலந்து தருவார். இதை அறியாதவர் "கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதுவார்.

தானியக்கத்தின் முரண்

1983இல் பிரிட்டிஷ் உளவியலாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ், 'தானியக்கத்தின் முரண்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இன்றும் இத்துறையினர் எடுத்துப் படிக்கும் கட்டுரை அது. அதன் சாரம் இது. வடிவமைப்பாளர், மனிதர் தவறு செய்வார் என்று கருதி அவரை வேலையிலிருந்து விலக்குகிறார். ஆனால் தானியக்கமாக்க முடியாத, மிகக் கடினமான பகுதிகளை அதே மனிதரிடமே விட்டுவைக்கிறார். வழக்கமான வேலைகளை இயந்திரமே செய்வதால் மனிதரின் கைப்பழக்கம் தேய்கிறது. இயந்திரம் தடுமாறும் நாளில், பழக்கம் தேய்ந்த அந்தக் கையிடமே மிகச் சிக்கலான சூழ்நிலை வந்து சேர்கிறது.

நமக்கு இது புதிதல்ல. கணிப்பானை மட்டுமே நம்பிப் பழகிய மாணவர், பதில் பத்து மடங்கு பிசகினாலும் கவனிப்பதில்லை. மனக்கணக்குப் பழகியவருக்கு விடை 'பார்த்தாலே உதைக்கும்'. கணிப்பானைத் தூக்கி எறிவது தீர்வாகாது. கணிப்பானைச் சரிபார்க்கும் அறிவு தேய்ந்துவிடாமல் காப்பதே தீர்வு.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் அதைத்தான் செய்தது. சில இடங்களில் ரோபோக்களை விலக்கிவிட்டு, வாகன எஞ்சினின் வளைதண்டுகளை மனிதக் கையால் அடித்து உருவாக்கும் வேலையைத் திரும்பக் கொண்டுவந்தது. பழமைப் பற்றினால் அல்ல. பொருளைக் கையால் செய்து அறிந்தவரால்தான் இயந்திரத்துக்குக் கற்பிக்கவும் அதை மேம்படுத்தவும் முடியும் என்று அதன் மூத்த பொறுப்பாளர் மிட்சுரு கவாய் வாதிட்டார். 2014இல் இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. கையால் செய்து கற்றதைக் கொண்டு உற்பத்தி வரிசையைச் சுருக்கவும், வீணாகும் பொருளைக் குறைக்கவும் முடிந்தது.

நம்பிக்கை: கூடினாலும் குறைந்தாலும்

இந்தியாவில் பிறந்த உளவியல் அறிஞர் ராஜா பரசுராமன், விக்டர் ரைலியுடன் சேர்ந்து 1997இல் ஒரு பயனுள்ள வகைப்பாட்டைத் தந்தார். தானியங்கிகளோடு மனிதர் பழகும் விதத்தை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். முதலாவது சரியான பயன்பாடு. இரண்டாவது அளவுக்கு மீறி நம்புவது. மூன்றாவது நம்பாமல் ஒதுக்குவது. நான்காவது, வேலை செய்பவரை எண்ணிப் பார்க்காமல் தானியக்கத்தைத் திணிப்பது. இந்த நான்காவது தொழிலாளியின் தவறு அல்ல. வடிவமைப்பாளரும் நிர்வாகமும் செய்யும் தவறு.

அளவுக்கு மீறிய நம்பிக்கை எப்படி வரும் என்று எளிதாகப் புரியும். ஆயிரம் முறை சரியாக நின்ற கை ஆயிரத்து ஓராவது முறையும் நிற்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. முதல் நாள் இரண்டு அடி தள்ளி நின்றவர் ஆறாவது மாதம் அதன் நிழலில் நிற்கிறார்.

நம்பிக்கைக் குறைவு வரும் வழி 'புலி வருது' கதையில் இருக்கிறது. பாதுகாப்பு ஒளித்திரை தூசு பட்டாலே ரோபோவை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் உற்பத்தி நிற்கிறது. மேலாளர் கேள்வி கேட்கிறார். சில வாரங்களில் யாரோ ஒருவர் அந்தத் திரையை ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிடுவார். புலி உண்மையில் வரும் நாளில் திரை வேலை செய்யாது. இங்கே பொய் எச்சரிக்கையைக் குறைப்பதே பாதுகாப்புப் பணி. திட்டுவது அல்ல.

ஆகவே நோக்கம் நம்பிக்கையை வளர்ப்பதும் அல்ல, குறைப்பதும் அல்ல. ரோபோவின் உண்மையான திறன் எவ்வளவோ, நம்பிக்கையும் அவ்வளவே இருக்க வேண்டும்.

வேலியில்லாத ரோபோ

1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற முதல் தொழிலக ரோபோ பணியில் அமர்த்தப்பட்டது. சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் வேலை. தொடர்ந்து வந்த பல பத்தாண்டுகளுக்கு ரோபோவையும் மனிதரையும் வேலி பிரித்தது. 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் மனிதரோடு இணைந்து வேலை செய்யும் 'கோபாட்' என்ற கருத்தை உருவாக்கினார்கள். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் 2008இல் தன் முதல் ரோபோவை விற்றது. வேலி மெல்ல விலகத் தொடங்கியது.

வேலி விலகினால் மோதல் நிகழலாம். எவ்வளவு மோதலைத் தாங்கலாம்? 2016இல் வெளியான ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 15066 என்ற ஆவணம் உடலின் 29 இடங்களைப் பட்டியலிட்டு, அங்கே அனுமதிக்கத்தக்க விசை, அழுத்தம் ஆகியவற்றின் வரம்புகளைத் தருகிறது. மனிதர்கள் வலியை எந்த அளவில் உணரத் தொடங்குகிறார்கள் என்று அளந்து பெற்ற எண்கள் அவை. ஒன்றை மறக்கக்கூடாது. கோபாட்டின் கையில் கூரான கத்தியைப் பொருத்தினால் மெதுவான மோதலும் ஆபத்துதான். பாதுகாப்பு ரோபோவில் மட்டும் இல்லை. அது செய்யும் வேலை முழுவதிலும் இருக்கிறது.

உடல் தப்பினாலும் மனம் அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா? ரோபோ வேகமாகவும் மிக அருகிலும் நகரும்போது மனிதரின் பதற்றம் கூடுகிறது என்றும், எப்போது நகரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கூட்டமான சாலையில் எதிரே வருபவரின் கண்ணைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் விலகுவார் என்று நாம் ஊகிக்கிறோம். ரோபோவுக்குக் கண் இல்லை. அதனால்தான் 2012இல் ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் வெளியிட்ட 'பாக்ஸ்டர்' ரோபோவுக்குத் திரையில் ஒரு முகம் வரைந்தார்கள். கை எந்தப் பக்கம் போகப்போகிறதோ அந்தப் பக்கம் அதன் கண்கள் முதலில் திரும்பும்.

2013இல் ஆங்கா டிராகன், கென்டன் லீ, சித்தார்த்தா ஸ்ரீநிவாசா ஆகியோர் இதை அசைவிலேயே கொண்டுவரலாம் என்று காட்டினார்கள். அருகருகே உள்ள இரண்டு பொருள்களில் ஒன்றை எடுக்க நேர்க்கோட்டில் போவது சிக்கனம். ஆனால் பார்ப்பவருக்குக் கடைசி நொடி வரை எது என்று தெரியாது. கொஞ்சம் வளைந்து, எடுக்கப்போகும் பொருளின் பக்கமாக ஒதுங்கிப் போனால் நோக்கம் உடனே புரிந்துவிடும். சிக்கனமான அசைவும் புரியும்படியான அசைவும் ஒன்றல்ல.

தொழிலாளியின் குரல்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரோபோவின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடுபவருக்கு, மூச்சு விடும் நேரத்தைக்கூட இயந்திரமே தீர்மானிப்பதாகத் தோன்றும். பக்கத்தில் பேச ஆள் இல்லை. நாளை இந்த வேலையும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு.

1951இல் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்து எழுதியது இன்றும் பொருந்துகிறது. பழைய முறையில் சிறு குழுவொன்று முழு வேலையையும் தானே செய்தது. இயந்திரம் வந்ததும் வேலை துண்டு துண்டாகிப் பல ஷிஃப்டுகளுக்குப் பிரிந்தது. குழு கலைந்தது, பணிக்கு வராமை கூடியது, ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டைப் பழித்தது. இயந்திரத்தை மாற்றும்போது மனிதர்களின் உறவும் மாறுகிறது என்பதை எண்ணாததன் விளைவு அது. ரோபோவை எங்கே வைப்பது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது என்பதில் அதன் பக்கத்தில் நிற்கப்போகிறவரின் கருத்தைக் கேட்பது இரக்கம் மட்டும் அல்ல. அவருக்குத் தெரிந்த பல செய்திகள் வரைபடத்தில் இருப்பதில்லை.

வகுப்பறையில் மூன்று செயல்பாடுகள்

இவற்றுக்கு ரோபோ தேவையில்லை. எட்டாம் வகுப்பு முதல் செய்யலாம்.

1. இரட்டை எண். ஆசிரியர் இரண்டு நொடிக்கு ஓர் எண் வீதம் 20 நிமிடம் ஒரே குரலில் வாசிக்கிறார். ஒரே எண் அடுத்தடுத்து இருமுறை வந்தால், மாணவர்கள் அந்த நிமிடத்துக்கான கட்டத்தில் ஒரு குறி இட வேண்டும். நிமிட எண்ணை ஒரு மாணவர் கரும்பலகையில் எழுதிவருவார். ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் ஐந்து இரட்டைகள் வருமாறு முன்பே தயாரித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தவறியவை எத்தனை, கடைசி ஐந்தில் எத்தனை என்று வகுப்பே வரைபடம் வரையட்டும். குறைந்த மதிப்பெண் பெற்றவரைக் கேலி செய்ய இடம்தராதீர்கள். எல்லோருடைய வரைபடமும் எப்படி இருக்கிறது என்பதே பாடம்.

2. எந்தச் சாக்பீஸ்? மேசையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ்கள். ஒரு மாணவர் மெதுவாகக் கையை நீட்டி ஒன்றை எடுக்கிறார். எது என்று ஊகித்ததும் மற்றவர்கள் கையை உயர்த்த வேண்டும். முதலில் நேராக, பிறகு வளைந்து எடுக்கச் செய்து, எப்போது விரைவில் ஊகித்தார்கள் என்று பேசுங்கள்.

3. ஏன் நின்றது? மூன்று மாணவர்கள் ரோபோவாக நடித்து அசையாமல் நிற்கிறார்கள். ஒருவரின் அட்டையில் 'அணைந்துவிட்டது', இன்னொருவருடையதில் 'கைதட்டல் கேட்கும்வரை காத்திரு', மூன்றாமவருடையதில் 'மேசையைத் தொட்டால் மீண்டும் தொடங்கு' என்று இருக்கும். பார்த்தே சொல்ல முடியுமா என்று வகுப்பு முயலட்டும். முடியாது என்று தெரிந்த பிறகு, அருகில் செல்வதற்கு முன் என்ன விதி வேண்டும் என்று அவர்களையே உருவாக்கச் சொல்லுங்கள். பூட்டும் அட்டையும் அவர்கள் வாயிலிருந்தே வரலாம்.

மூன்றாவது செயல்பாட்டின் முடிவில் ஒன்றைக் கவனியுங்கள். "எனக்குத் தெரியவில்லை, இது ஏன் நிற்கிறது?" என்று எத்தனை பேர் தயங்காமல் கேட்டார்கள்? ஆலையில் முதல் வாரம் வேலை செய்யும் 19 வயது இளைஞருக்கு அந்தக் கேள்வியைக் கேட்பது மிகக் கடினம். மூத்தவர்கள் சிரிப்பார்கள், உற்பத்தி தாமதமாகும், தான் திறமையற்றவன் என்று நினைப்பார்கள் என்று அஞ்சுவார். கேட்காமல் தானே எட்டிப் பார்க்கப் போவார். தெரியவில்லை என்று சொன்னதற்காக நம் வகுப்பில் அவர் ஒருமுறையும் அவமானப்பட்டதில்லை என்றால், அன்று அவர் நின்று கேட்பதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.